வில்லாக வளையும் உடல்

2010 ஏப்ரல் 28. பார்சிலோனாவின் காம்ப் நோ மைதானத்தில் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியின் இரண்டாம் ஆட்டம். பந்தைக் காத்துக்கொண்டிருந்த இன்டர் மிலான் வீரர் தியாகோ மோட்டாவின் நீட்டிய கை, பார்சிலோனாவின் செர்ஜியோ பூஸ்கெட்ஸ் மேல் படுகிறது. அடுத்த நொடி பூஸ்கெட்ஸ் முகத்தை இரு கைகளாலும் பொத்திக்கொண்டு தரையில் கிடக்கிறார். பார்ப்பவர்களுக்கு மூக்கே உடைந்துவிட்டதோ என்று தோன்றும். நடுவர் பிராங்க் டி ப்ளீக்கெரெ சிவப்பு அட்டையை உயர்த்த, மோட்டா வெளியேறுகிறார். ஆட்டம் தொடங்கி அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

பிறகு தொலைக்காட்சியில் அந்தக் காட்சியை மறுபடி ஓட்டினார்கள். கிடந்தபடியே பூஸ்கெட்ஸ் விரல்களைச் சற்றே விலக்குகிறார். இடுக்கு வழியாக ஒரு கண் எட்டிப் பார்க்கிறது. பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொள்கிறது.

உலகமே சிரித்தது. ஆனால் அந்த ஒரு கண்ணில் ஒரு அறிவியலே அடங்கியிருக்கிறது. உண்மையில் வலிப்பவர் தன் வலியைத்தான் கவனிப்பார். வலிப்பதாகக் காட்டுபவருக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது: எதிரில் இருப்பவர் நம்பிவிட்டாரா என்று பார்த்தாக வேண்டும்.

கால்பந்தில் இதை ‘டைவ்’ என்பார்கள். விதிப் புத்தகம் இதைப் பாசாங்கு என்று வகைப்படுத்துகிறது. தமிழில் ‘பொய்விழல்’ என்று வைத்துக்கொள்ளலாம். நள்ளிரவில் டிவி முன்னால் உட்கார்ந்து “ஆஸ்கர் குடுங்கடா இவனுக்கு” என்று கத்தும் ரசிகருக்கு இது ஒழுக்கப் பிரச்சினை. உயிரியலாளர்களுக்கோ இது பழகிய விஷயம். பறவைகளும் செய்து வருவது.

மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும் கரிச்சான் குருவியை, அந்த இரட்டைவால் கருப்பனை, எல்லோரும் பார்த்திருப்போம். அதன் ஆப்பிரிக்க உறவுக்காரப் பறவை ஒன்று கலஹாரி பாலைவனத்தில் வாழ்கிறது. கீரி இனத்தைச் சேர்ந்த மீர்கேட்டுகள் மண்ணைத் தோண்டி இரை தேடும்போது அது பக்கத்துக் கிளையில் காவல் இருக்கும். பருந்து தெரிந்தால் எச்சரிக்கைக் குரல் கொடுக்கும், மீர்கேட்டுகள் வளைக்குள் ஓடி உயிர் பிழைக்கும். ஆனால் கொழுத்த புழு ஒன்று ஒரு மீர்கேட்டின் வாயில் சிக்கிய நேரம் பார்த்து, பருந்தே இல்லாதபோதும் அதே குரலைக் கொடுக்கும். மீர்கேட் புழுவைப் போட்டுவிட்டு ஓட, கரிச்சான் இறங்கி வந்து எடுத்துக்கொள்ளும். டாம் ஃப்ளவர் என்ற ஆய்வாளர் இந்தப் பறவைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து கணக்கெடுத்தார். அவற்றின் உணவில் ஏறத்தாழ கால் பங்கு இப்படித் திருடியது என்று தெரிந்தது.

மீர்கேட் ஏன் ஏமாந்துகொண்டே இருக்கிறது? பெரும்பாலான நேரம் அந்தக் குரல் உண்மை என்பதால்தான். கள்ள நோட்டு செல்லுபடியாவதும் அப்படித்தானே. சந்தையில் புழங்கும் நோட்டுகளில் பெரும்பாலானவை நல்ல நோட்டுகளாக இருக்கும்வரைதான் கள்ள நோட்டுக்கு மதிப்பு. பாதிக்குப் பாதி கள்ளம் என்று ஆகிவிட்டால் கடைக்காரர் எல்லா நோட்டையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். ‘புலி வருது’ கதையில் இடையனுக்கு நடந்ததும் இதுதான். தகவல் அனுப்புபவர், பெறுபவர் என்று இரு தரப்பையும் சேர்த்து வைத்து ஆராயும் இந்தத் துறைக்குச் சமிக்ஞைக் கோட்பாடு என்று பெயர். பொய் எவ்வளவு பரவும் என்பதைப் பொய் சொல்பவரின் குணத்தைவிடக் கேட்பவரின் எதிர்வினையே தீர்மானிக்கிறது என்பது அதன் மையக் கருத்து.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் விலங்கு நடத்தையை ஆராயும் ஒரு குழுவுக்கு, இந்தக் கருத்தை மனிதர்களிடம் சோதிக்கக் கால்பந்து மைதானம் தோதாகப் பட்டது. தொழில்முறை ஆட்டங்கள் 60-ஐப் பதிவில் பார்த்து, அவற்றில் வீரர்கள் விழுந்த ஏறத்தாழ 2,800 தருணங்களையும் ஒவ்வொன்றாக வகைப்படுத்தினார்கள். ஆய்வு 2011-இல் வெளியானது. மொத்த வீழ்ச்சிகளில் சுமார் 6 சதவீதம்தான் பொய்விழல்கள். ரசிகர்கள் நினைப்பதைவிடக் குறைவு. நல்ல நோட்டுகளுக்கு நடுவே சில கள்ள நோட்டுகள் என்ற கணக்கு அப்படியே பொருந்தியது.

அவை எங்கே, எப்போது நடந்தன என்பது இன்னும் சுவாரசியம். எதிரணியின் கோல் கம்பத்துக்கு அருகில் அதிகம். ஆட்டம் சமநிலையில் இருக்கும்போது அதிகம். எந்த லீக்கின் நடுவர்கள் பொய்விழலுக்கு அதிகம் பலன் கொடுத்தார்களோ அந்த லீக்கில் அதிகம். அந்த 60 ஆட்டங்களிலும் பொய்யாக விழுந்ததற்காகத் தண்டனை பெற்றவர் ஒருவர்கூட இல்லை.

லாபத்தையும் பார்க்க வேண்டும். சாதாரணமாக அடிக்கப்படும் பத்து ஷாட்டுகளில் கிட்டத்தட்ட ஒன்றுதான் கோலாகிறது. பெனால்டி என்றால் நான்கில் மூன்று உள்ளே போகிறது. ஒரு ஆட்டத்துக்குச் சராசரியாக இரண்டரை, மூன்று கோல்தான் விழும் விளையாட்டில், பெனால்டி பெட்டிக்குள் ஒருமுறை விழுந்து எழுவதன் விலை முக்கால் கோல். பிடிபட்டால் ஒரு மஞ்சள் அட்டை. இந்த வியாபாரத்தில் ஆள் சேராமல் இருந்தால்தான் வியப்பு.

இங்கே ஒரு சந்தேகம் எழ வேண்டும். ஒருவர் பொய்யாகத்தான் விழுந்தார் என்று ஆய்வாளருக்கு எப்படித் தெரியும்? மனதுக்குள் புகுந்து பார்க்க முடியாதே.

இங்கிலாந்தில் போர்ட்ஸ்மத் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் பால் மோரிஸும் டேவிட் லூயிஸும் இதே கேள்வியைத்தான் பிடித்துக்கொண்டார்கள். முதலில் உண்மையான ஆட்டக் காட்சிகளைப் பலருக்குப் போட்டுக்காட்டி, யார் நடிக்கிறார் என்று கேட்டார்கள். பார்த்தவர்களின் தீர்ப்புகள் பெருமளவு ஒத்துப்போயின. ஆனால் எல்லோரும் ஒரே மாதிரி சொல்வதாலேயே அது சரியாகிவிடாது. எல்லோரும் சேர்ந்தே ஏமாறலாம். எனவே விளையாட்டு வீரர்களையே கூப்பிட்டு, எப்போது மிகைப்படுத்தி விழ வேண்டும், எப்போது கூடாது என்று முன்கூட்டியே சொல்லி விளையாடவைத்துப் படம் பிடித்தார்கள். இப்போது விடைத்தாள் ஆய்வாளர் கையில். பார்வையாளர்களின் ஊகம் குருட்டாம்போக்கில் வரக்கூடியதைவிட நன்றாகவே சரியாக இருந்தது. பொய்யை உடல் காட்டிக்கொடுக்கத்தான் செய்கிறது.

எதைக் கொண்டு? ஓடுகிறவர் தடுக்கி விழும்போது என்ன நடக்கிறது என்று பார்த்தால் புரியும். வேகமாக ஓடும் வீரர் விநாடிக்கு எட்டு மீட்டர் போகிறார். அவர் காலை யாரோ தடுத்தால் கால் நிற்கிறது, உடல் நிற்பதில்லை. பேருந்து சட்டென்று பிரேக் போட்டால் நிற்பவர்கள் முன்னால் சாய்வது போலத்தான், நிலைமம் என்று பள்ளியில் படித்தோமே அதுதான். உடல் முன்னோக்கிச் சுழன்று ஒரு விநாடிக்குள் தரையைத் தொட்டுவிடும். அந்த நேரத்துக்குள் யோசித்து முடிவெடுக்க வாய்ப்பில்லை. உள்காதில் இருக்கும் சமநிலை உறுப்பு அபாயமணி அடிக்க, கைகள் தாமாகவே கீழ்நோக்கி நீளும், தலையைக் காக்க. இது அனிச்சைச் செயல். தவழும் வயதுக் குழந்தையைத் தூக்கித் தலைகீழாகச் சாய்த்தால்கூட இரு கைகளையும் தரையை நோக்கி நீட்டும். அந்த வயதில் வந்தது ஆயுளுக்கும் போகாது.

இதிலிருந்து மோரிஸ் சில அடையாளங்களைப் பிரித்தெடுத்தார். ஒன்று, நேரம்: அடி பட்ட கணத்துக்கும் விழும் கணத்துக்கும் நடுவில் இடைவெளி இருக்கக் கூடாது. ஓரடி எடுத்து வைத்து, ‘ஓ, இது பெனால்டி பெட்டி அல்லவா’ என்று நினைவு வந்தாற்போல் சரிபவர் சந்தேகத்துக்குரியவர். இன்னொன்று, வேகத்தின் தொடர்ச்சி: மெல்லத் தட்டினால் மெல்லத்தான் தடுமாற வேண்டும். ஐந்து உருளல் உருண்டால் அந்த விசை எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். அடுத்தது இடம்: முழங்காலில் பட்டால் முழங்காலைத்தான் பிடிக்க வேண்டும். 2002 உலகக் கோப்பையில் துருக்கிக்கு எதிரான ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில், கார்னர் அடிக்கக் காத்திருந்த பிரேசிலின் ரிவால்டோ மேல் ஹக்கன் உன்சல் பந்தை உதைத்தார். பந்து பட்டது காலில். ரிவால்டோ பிடித்துக்கொண்டது முகத்தை. உன்சலுக்குச் சிவப்பு அட்டை. வீடியோவைப் பார்த்த ஃபிஃபா பிறகு ரிவால்டோவுக்கு அபராதம் விதித்தது.

எல்லாவற்றையும்விட அழகானது ‘வில்’. தலை பின்னால் சாய்ந்து, நெஞ்சு முன்னால் தள்ளி, இரு கைகளும் மேலே உயர்ந்து உள்ளங்கை விரிந்து, இரு கால்களும் முழங்காலில் மடங்கிப் பின்னால் காற்றில் இருக்கும் ஒரு கோலம். நாணேற்றிய வில் போல உடல் வளைகிறது. நாளிதழ்களின் விளையாட்டுப் பக்கங்களில் எத்தனையோ முறை பார்த்த படம்தான். இயல்பாக முன்னால் தடுக்கி விழும் எந்த உடலும் இப்படி வளையாது என்கிறார் மோரிஸ். விழப்போகிறவரின் கை கீழே போக வேண்டும். இவர் கையோ மேலே போகிறது. ஏன்? கீழே நீண்ட கை தூரத்தில் நிற்கும் நடுவருக்குத் தெரியாது. மேலே உயர்ந்த கை தெரியும். தகவல் போய்ச் சேர வேண்டுமானால் பெரிதாகக் காட்ட வேண்டும், பெரிதாகக் காட்டினால் அனிச்சையை மீற வேண்டும், மீறினால் மாட்டிக்கொள்ள வேண்டும். பொய்விழல்காரரின் சங்கடம் அது.

அப்படியானால் நடுவர்கள் ஏன் பிடிப்பதில்லை? டிவி முன்னால் இருப்பவருக்கு ஆறு கோணம், மூன்று ரீப்ளே, கையில் டீ. நடுவர் ஓடிக்கொண்டிருக்கிறார், மூச்சு வாங்குகிறது, ஒரே ஒரு கோணம், அதையும் ஒரு தடுப்பாட்டக்காரரின் முதுகு மறைக்கிறது. தவிர, மெல்லத் தொட்டாலே உண்மையாக விழ முடியும் என்பதுதான் பெரிய சிக்கல். முழு வேகத்தில் ஓடும்போது பின்காலை இரண்டு விரல் அகலம் தட்டிவிட்டால் போதும், அது முன்காலின் ஆடுசதையில் சிக்கி ஆள் கவிழ்ந்துவிடுவார். தொட்டாரா இல்லையா என்று பார்ப்பதால் மட்டும் விடை கிடைக்காது.

இங்கே இன்னொரு கோட்பாடு உதவும். கூட்டம் நெரியும் பேருந்தில் நடத்துநர் கையில் ஒரு பழைய, கிழிந்த நோட்டு வருகிறது. சந்தேகமானதை எல்லாம் மறுத்தால் கள்ள நோட்டு ஒன்றுகூடப் பையில் சேராது, ஆனால் நல்ல நோட்டு கொடுத்த பாட்டியோடும் சண்டை வரும். எல்லாவற்றையும் வாங்கினால் சண்டை இல்லை, ராத்திரி கணக்கு உதைக்கும். இரண்டு தவறையும் ஒரே நேரத்தில் ஒழிக்க முடியாது. ஒன்றைக் குறைத்தால் மற்றது கூடும். எந்த இடத்தில் கோடு போடுவது என்பதே கேள்வி. இரண்டாம் உலகப் போரில் ரேடார் திரையில் தெரிந்த புள்ளி விமானமா, பறவையா என்று தலையைப் பிய்த்துக்கொண்ட அனுபவங்களிலிருந்து வளர்ந்த இந்தச் சிந்தனையைச் ‘சமிக்ஞை கண்டறிதல்’ என்பார்கள்.

கோட்டைக் கடுமையாகப் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு இத்தாலியர்கள் இன்றும் சொல்லும் உதாரணம் ஒன்று உண்டு. அதே 2002 உலகக் கோப்பை, தென் கொரியாவுக்கு எதிரான ஆட்டம், கூடுதல் நேரம். பெனால்டி பெட்டிக்குள் விழுந்த பிரான்செஸ்கோ டோட்டி நடித்தார் என்று முடிவுசெய்த நடுவர் பைரன் மொரேனோ இரண்டாவது மஞ்சள் அட்டை காட்டி வெளியேற்றினார். பத்துப் பேரோடு ஆடிய இத்தாலி தோற்று ஊர் திரும்பியது. ரீப்ளே பார்த்த பலருக்கு அது பெனால்டியும் இல்லை, பாசாங்கும் இல்லை, இரண்டு பேர் மோதிக்கொண்டதுதான் என்று பட்டது. நடுவர்கள் அட்டையை எடுக்கத் தயங்குவதன் காரணம் இதில் புரியும். தராத பெனால்டி மறந்துபோகும், தவறாகக் காட்டிய அட்டை தலைமுறைக்கும் பேசப்படும்.

கோடு நடுவரின் மனதுக்குள் இருந்தாலும் அதை அசைப்பவர்கள் வெளியே இருக்கிறார்கள். 2002-இல் பிரிட்டிஷ் ஆய்வாளர் ஆலன் நெவிலின் குழு 40 நடுவர்களுக்கு ஒரே ஆட்டத்தின் மோதல் காட்சிகளைப் போட்டுக்காட்டியது. ஒரு பகுதியினருக்குக் கூட்டத்தின் இரைச்சலோடு, மற்றவர்களுக்குச் சத்தமே இல்லாமல். இரைச்சலைக் கேட்டவர்கள் சொந்த ஊர் அணிக்கு எதிராகக் கொடுத்த ஃபவுல்கள் குறைந்தன. படம் ஒன்றுதான், மாறியது காதில் விழுந்தது மட்டும்.

சட்டம் சும்மா இருக்கவில்லை. நடுவரை ஏமாற்ற நடிப்பது மஞ்சள் அட்டைக்குரிய குற்றம் என்று 1999-இல் விதியில் வெளிப்படையாகச் சேர்த்தார்கள். நடுவர் கண்ணில் பட்டால்தானே அட்டை? எனவே ஆட்டம் முடிந்த பிறகு தண்டிக்கும் வழி தேடப்பட்டது. 2009 ஆகஸ்டில் செல்டிக் அணிக்கு எதிராக ஆர்சனலின் எடுவார்டோ விழுந்து பெற்ற பெனால்டிக்காக ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஇஎஃப்ஏ அவருக்கு இரண்டு ஆட்டத் தடை விதித்தது. மேல்முறையீட்டில் தடை ரத்தானது. நோக்கத்தை நிரூபிப்பது அவ்வளவு கடினம். இங்கிலாந்து கால்பந்துச் சங்கம் 2017-18 பருவத்தில் வேறு வழி பிடித்தது: முன்னாள் வீரர், முன்னாள் மேலாளர், முன்னாள் நடுவர் என மூவர் வீடியோவைத் தனித்தனியாகப் பார்ப்பார்கள். மூவரும் ஒரே குரலில் ‘ஏமாற்றினார்’ என்றால்தான் குற்றச்சாட்டு. பிரீமியர் லீக்கில் இதில் முதலில் சிக்கியவர் எவர்டன் வீரர் ஊமர் நியாஸ். கிரிஸ்டல் பேலஸ் அணியோடு 2-2 என முடிந்த ஆட்டத்தில் அவர் விழுந்து பெற்ற பெனால்டி கோலாகியிருந்தது. அவருக்கு இரண்டு ஆட்டத் தடை வந்தது. கோலும் முடிவும் அப்படியே நின்றன.

கேமராவின் சாட்சி எவ்வளவு வலுவானது என்பது தென் அமெரிக்காவில் எப்போதோ தெரிந்துவிட்டது. 1989 செப்டம்பர் 3, ரியோவின் மரக்கானா. உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் சிலி ஒரு கோல் பின்தங்கியிருந்தது. கூட்டத்திலிருந்து தீப்பந்த வாணம் ஒன்று பறந்து வந்து விழ, புகைக்குள் கோல்கீப்பர் ரொபேர்ட்டோ ரோஹாஸ் முகமெல்லாம் ரத்தமாகக் கிடந்தார். சிலி அணி அவரைத் தூக்கிக்கொண்டு மைதானத்தை விட்டே வெளியேறியது. ஒரு புகைப்படக்காரர் எடுத்த படங்கள், வாணம் அவர் மேல் படவே இல்லை என்று காட்டின. கையுறைக்குள் பிளேடு மறைத்து வந்து தன் நெற்றியைத் தானே கீறிக்கொண்டதாக ரோஹாஸ் பின்னர் ஒப்புக்கொண்டார். அவருக்கு ஆயுள் தடை (2001-இல் நீக்கப்பட்டது), சிலிக்கு 1994 உலகக் கோப்பையில் இடமில்லை.

அந்தக் கேமராவை ஆட்டத்துக்குள்ளேயே கொண்டுவந்ததுதான் ‘வார்’ எனப்படும் காணொளி உதவி நடுவர் முறை. 2018 உலகக் கோப்பையில் பிரேசிலும் கோஸ்டாரிகாவும் கோலின்றி ஆடிக்கொண்டிருந்தன. இரண்டாம் பாதியின் பிற்பகுதியில், ஜியான்கார்லோ கொன்சாலஸின் கை லேசாகப் பட்டதும் நெய்மார் கைகளை விரித்துப் பின்னால் சரிந்தார். நடுவர் பியோர்ன் கைப்பர்ஸ் பெனால்டி புள்ளியைக் காட்டிவிட்டார். பிறகு ஓரத்திலிருந்த திரைக்குப் போய்ப் பார்த்தார், திரும்பி வந்து கைகளால் ஒரு செவ்வகம் வரைந்து பெனால்டியை ரத்து செய்தார். அதன் பிறகும் நெய்மாருக்கு இதற்கென்று அட்டை இல்லை. பெனால்டி போயிற்று, விலை கொடுக்கவில்லை.

திரை வந்ததும் புதிய கோளாறு ஒன்றும் வந்தது: ஸ்லோ மோஷன். அமெரிக்காவில் 2016-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு கடைக் கொள்ளையில் நடந்த துப்பாக்கிச் சூட்டின் வீடியோவைச் சிலருக்கு இயல்பு வேகத்திலும் சிலருக்கு மெதுவாகவும் காட்டினார்கள். மெதுவாகப் பார்த்தவர்கள் ‘வேண்டுமென்றே செய்தான்’ என்று சொல்வது கூடியது. உண்மையில் எவ்வளவு நேரம் ஆனது என்று திரையில் கடிகாரம் காட்டியும் அந்தச் சாய்வு முழுதாகப் போகவில்லை. காட்சி நீளும்போது, செய்தவருக்கு யோசிக்க நேரம் இருந்தது போல நமக்குத் தோன்றிவிடுகிறது. பெல்ஜியத்தின் லூவென் பல்கலைக்கழகத்தில் உயர்நிலை நடுவர்களிடம் சோதித்தபோது, ஸ்லோ மோஷனில் பார்த்தவர்கள் சிவப்பு அட்டை தருவது அதிகமானது. அதனால்தான் ‘வார்’ விதிமுறை ஒரு வரம்பு வைத்திருக்கிறது. எங்கே பட்டது, உள்ளேயா வெளியேயா என்பதற்கு மட்டும் மெதுவாகப் பார்க்கலாம், எவ்வளவு பலமாகப் பட்டது என்பதற்கு இயல்பு வேகம்தான்.

பழியை விழுபவர் மேல் மட்டும் போட்டு முடித்துவிட முடியாது. சட்டை இழுபட்டும் விழாமல் தள்ளாடி ஓடி ஷாட்டைக் கோட்டை விட்டவருக்கு ஃபவுல் கிடைப்பது அரிது. விழுந்தால்தான் விசில் என்று வீரர்களுக்குக் கற்றுக்கொடுத்தது விசில்தான். 2014 உலகக் கோப்பையில் மெக்சிகோவுக்கு எதிராக ஆர்யன் ரொபென் பெற்ற கடைசி நிமிடப் பெனால்டியால் நெதர்லாந்து வென்றது. ஆட்டம் முடிந்ததும் அவர் மன்னிப்புக் கேட்டார். அந்தப் பெனால்டிக்காக அல்ல. முதல் பாதியில் தான் ஒருமுறை பொய்யாக விழுந்ததற்காக. கடைசியில் விழுந்தது நிஜம் என்று சாதித்தார். மெக்சிகோவில் யார் நம்புவார்கள்?

உண்மை சொன்னால் மட்டும் நம்பிவிடுகிறார்களா என்ன. 1997 மார்ச் 24, லண்டனின் ஹைபரி மைதானம். பந்தோடு பாய்ந்த லிவர்பூலின் ராபி ஃபவுலர், ஆர்சனல் கோல்கீப்பர் டேவிட் சீமன் முன்னேறி வந்ததும் விழுந்தார். நடுவர் ஜெரால்ட் ஆஷ்பி பெனால்டி என்றார். எழுந்த ஃபவுலர் கையை ஆட்டி, இல்லை, அவர் என்னைத் தொடவில்லை என்று சைகை காட்டினார். ஆஷ்பி முடிவை மாற்றவில்லை. வேறு வழியின்றி ஃபவுலரே பந்தை எடுத்து வைத்து உதைத்தார், அவ்வளவாகப் பலமில்லாத ஓர் உதை. சீமன் தடுத்தார். திரும்பி உருண்டு வந்த பந்தை ஓடிவந்த ஜேசன் மெக்கடீர் வலைக்குள் தள்ளினார். லிவர்பூல் 2-1 என வென்றது.